ஏழுமேட்டு ஜிலேபி

தங்கப்பழம் அண்ணாச்சியின் வண்டித்தடம் அழியவில்லை என்பது முதலில் ஒட்டகங்களுக்குத்தான் தெரிந்தது. வடக்கேயிருந்து மூன்று நாள் விடாமல் அடித்த காற்று, ஏழுமேட்டு மணற்காட்டில் கிடந்த குளம்புத்தடம், பாம்பு நெளிந்த கோடு, வண்டு ஊர்ந்த புள்ளி என்று அத்தனையையும் வழித்துத் துடைத்துவிட்டு ஓய்ந்தபோது, சூடான் நாட்டிலிருந்து வந்து அங்கே ஒட்டகம் மேய்க்கும் இத்ரீஸ் தன் பட்டியைத் திறந்துவிட, நாற்பத்திரண்டு ஒட்டகங்களும் எப்போதும்போல் திசைக்கொன்றாகச் சிதறாமல், மணலில் கிடந்த இரண்டு கோடுகளின் மேல் வரிசை கட்டி அடி பிசகாமல் நடந்து போயின. இத்ரீஸ் குனிந்து பார்த்தார். டயர்த்தடம். இப்போதுதான் போனது போல டயர்ப் பூ பதிந்து தெளிவாக இருந்தது. காலால் அழித்துப் பார்த்தார். மணல் ஒதுங்கியது, பிறகு தூக்கத்தில் புரண்டு படுப்பவனைப் போல மெல்லத் திரும்பி வந்து, பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது. சரி, அப்படியென்றால் அப்படித்தான் என்று அவர் ஒட்டகங்களின் பின்னால் நடந்தார். வேறென்ன செய்வார்?

தடத்துக்குச் சொந்தக்காரரான தங்கப்பழம் உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் உருண்டு வளர்ந்தவர். பத்தொன்பது வயதில் ஒரு பையோடு ஷார்ஜாவுக்கு வந்து, பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் தெருவில் எஞ்சின்களுக்கு நடுவே படுத்தெழுந்து, அடியும் ஏச்சும் வாங்கித் தொழில் படித்து, பட்டாணியரோடு பேரம் பேசிப் பேசி நாக்கைத் தீட்டிக்கொண்டு, கடைசியில் அதே தெருவில் தனக்கென்று ஒரு கடை போட்டவர். அவர் பேரம் பேச உட்கார்ந்தால் எதிராளி தண்ணீர் கேட்பான். கோபம் வந்துவிட்டால் எதிராளி வாசலைத் தேடுவான். அவருடைய வெள்ளை வண்டி ஏழு செத்த வண்டிகளிலிருந்து எடுத்துத் தைத்தது. எஞ்சின் ஒன்றினுடையது, கதவுகள் இரண்டினுடையவை, நாலு டயரும் நாலு சாதி. ஆனால் மணலில் அது ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்தால் எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை மணல் சங்கத்தில் பதினைந்து வண்டிகள். விடிந்ததும் தார்ச்சாலை முடிகிற இடத்தில் கூடுவார்கள். இறங்கியதும் முதல் வேலை டயர்களில் காற்றைப் பாதிக்குமேல் இறக்குவது. காற்றுக் குறைந்தால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். நிறைகாற்றோடு போனால் அரிவாள் மாதிரி அறுத்துக்கொண்டு புதையும். புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தரும் முதல் பாடம் அதுதான். அதை மறப்பது வேட்டியை மறந்துவிட்டுப் பந்திக்குப் போவது போல. அப்புறம் கொடிக்கம்பை நட்டு, வாக்கிடாக்கியைத் திறந்து, ஒருவர் பின் ஒருவராக மணலில் ஏறுவார்கள். முன்வண்டி சங்கத் தலைவர் சென்னியப்பனுடையது. அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர், எண்ணெய்க் கிணற்றில் பெரிய இன்ஜினியர். வால் வண்டி தங்கப்பழத்துடையது. மண்வெட்டி, இழுகயிறு, காற்றடிக்கும் எந்திரம் எல்லாம் வாலில்தான் இருக்கும். முன்னால் போகிறவன் புதைந்தால் வால்தான் போய் இழுக்கும். இழுத்த பிறகு எடுக்கிற ஃபோட்டோவில் மட்டும் வால் இருக்காது.

மூன்று வருடம் வாலாக இருந்தவர், அந்த வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் சென்னியப்பனை மடக்கினார். அடுத்த மாதம் பெரும்பயணம். ஏழு மணல்மேட்டையும் கடந்து மறுபக்கத்துப் பழைய கிணற்றைத் தொட்டுத் திரும்புவது. முன்னால் போகிறவர் பெயரைச் சங்கக் கொடியில் தைப்பார்கள். சென்னியப்பன் பெயர் ஏற்கெனவே நாலு முறை அதில் இருந்தது.

"இந்தத் தடவ நான் முன்னால போறேன் வே."

"ஏனுங்க தங்கப்பழம், முன்வண்டிங்கறது சும்மா ஓட்டறதில்லீங்க. பொறுமை வேணுமுங்க. உங்களுக்குக் கோவம் மூக்கு மேலயே நிக்குதுங்க."

"யாருக்கு வே கோவம்? எனக்கா?" என்று அவர் போட்ட சத்தத்தில் டீக்கடைப் பூனை எழுந்து சாலையைக் கடந்தது. குரலை இறக்கிக்கொண்டார். பேரத்துக்கு வந்தார். "சரி, பாதி வழி நீரு, பாதி வழி நான்."

"இல்லீங்க."

"மூணு மேடு."

"வேண்டாமுங்க."

"ஒரே ஒரு மேடு வே. அதுவும் சின்னதா பாத்துக் குடும்."

சென்னியப்பன் சிரித்தார். "வண்டியையும் பாருங்க. ஏழு வண்டிய ஒட்டுப் போட்டது. அது வாலுலதானுங்க அழகு."

வண்டியைச் சொல்லியிருக்கக் கூடாது. தங்கப்பழம் குடித்த டீயை வைத்தார், எழுந்தார், போனார். மறுநாள் விடியும் முன்னே, ஒற்றை வண்டியாக மணலில் ஏறக்கூடாது என்ற சங்கத்தின் விதியையும் மீறி, தனியாக ஏழுமேட்டில் ஏறினார். சாயங்காலம் அதே டீக்கடைக்கு வந்து, புருவத்தில் மணலோடு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"நேரா போனேன். கிணத்தத் தொட்டேன். நேரா திரும்புனேன். மூணு மணி நேரம்."

"தனியாவா அண்ணாச்சி?" என்றார் ஹபீபா. கீழக்கரைக்காரர், பல் டாக்டர். சங்கத்தில் வண்டி ஓட்டும் ஒரே பெண். "அல்லாவே, விழுந்திருந்தா யாரு பாப்பாக?"

சென்னியப்பன் வெகுநேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "நெசமாலுமே அப்படின்னா, பெரும்பயணத்துல பாதி வழி உங்களுதுங்க. அஞ்சாம் மேட்டுலயிருந்து நீங்க முன்னால" என்றார். தங்கப்பழத்துக்கு நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. அன்றிரவுதான் அந்த மூன்று நாள் காற்று கிளம்பியது.

காற்று நின்ற பிறகு அடுத்த வெள்ளிக்கிழமை சங்கம் மணலுக்குப் போய்த் தடத்தைப் பார்த்தது. நேராகத்தான் கிளம்பியிருந்தது. எட்டுக் கிலோமீட்டர் மெலிந்த ஆழமான இரட்டைக் கோடு. அப்புறம் வளைந்தது. வளைந்து, தன்னையே வெட்டி, திரும்ப வளைந்து, அந்த ஊரார் காஃப் என்று சொல்லும், நம்மூர்க்காரர்களுக்கு வன்னியேதான் என்று பார்த்ததும் தெரியும் ஒற்றை மரத்தைச் சுற்றிச் சுற்றி, ஒன்று இரண்டல்ல, பதினோரு முறை சுற்றியிருந்தது. கிணறு இருந்த திசைக்கு ஒரு கோடும் போகவில்லை. அந்தச் சுற்றுச் சிக்கலுக்குள்ளிருந்து வேறொரு தடம், அகலமாக, ஆழமில்லாமல், பாய் விரித்த மாதிரி புறப்பட்டுச் சாலைக்குத் திரும்பியிருந்தது. மேடுகள் காற்றில் நகர்ந்தபோது தடமும் கூடவே நகர்ந்து, எந்தச் செங்குத்திலும் விழாமல், வண்டி போகிற வாட்டத்திலேயே மேட்டின் முதுகில் ஏறி இறங்கிப் படுத்திருந்தது.

"இது உங்க தடமுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"என் தடம் நேர்த்தடம். அத காத்து அழிச்சிட்டு, எல்லார் தடத்தையும் போல" என்றார் தங்கப்பழம். வீட்டுக்குப் போகுமுன்னே நாலு சாதி டயரையும் கழற்றி, முதலில் வந்து கேட்டவனுக்கு, வாழ்நாளில் முதல்முறையாகப் பேரம் பேசாமல், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, புதுசு நாலு மாட்டிக்கொண்டார்.

காரணம் தேடியவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் கிடைத்தது. கிடைத்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இத்ரீஸ் தன் பட்டியின் வாசலைத் தடத்தைப் பார்த்த மாதிரி மாற்றி வைத்தார். பலூச்சிக்காரர் ஒருவர் தடம் தார்ச்சாலையைத் தொடும் இடத்தில் தகரம் நிறுத்தி டீ விற்றார். நகராட்சியிலிருந்து அளக்க வந்த அதிகாரி இரண்டு நாள் அளந்தார். நாடாவை வைத்தால் மேடு நகர்ந்தது, மேட்டை விட்டால் நாடா நகர்ந்தது. மூன்றாம் நாள் 'ஏற்கெனவே இருந்த பாதை' என்று கோப்பில் எழுதி, வேகம் நாற்பது என்று பலகை நட்டுவிட்டுப் போய்விட்டார். புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளர் முகாம்களிலிருந்து நம்மூர்ச் சனம் விடுமுறை நாளில் வண்டி பிடித்து வந்து, வன்னியைப் பதினோரு சுற்றுச் சுற்றி, மகளுக்கு வரன் அமைய, விசா புதுப்பிக்க, தம்பி குடியை விட என்று நேர்ந்து மஞ்சள் கயிறு கட்டியது. மெலிந்த தடம் ஆண், அகலத் தடம் பெண், புருசன் தொலைந்தான், பெண்டாட்டி தேடிக் கூட்டிப்போனாள் என்று ஒரு கதையும் கிளம்பிற்று. ஒன்று மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தேன் எடுக்கப் போய் மணலில் வழி தப்பியவர், வண்டி பழுதாகி நடந்த இரண்டு வங்காளிகள், மேய்ச்சல் தப்பிய ஆட்டுக்கூட்டம் என்று அந்த மாதம் தொலைந்த எல்லாரும் எங்கே திரிந்தாலும் இந்தத் தடத்தில்தான் கால் இடறினார்கள். நேர்ச்சாலை தன் பக்கத்தில் இருப்பவனைத்தான் பார்க்கும். இது நாலா பக்கமும் கைநீட்டிக் கிடந்தது.

விமானத்திலிருந்தும் தெரிந்தது. உடன்குடியிலிருந்து அண்ணாச்சியின் மனைவி செல்வக்கனி போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, சாத்தாங்குளத்து ஆளு ஒருத்தரு பிளேன்ல வரும்போது பாத்தாராம். யாரோ கூறுகெட்டவன் பாலைவனத்துல ஜிலேபி சுத்தி வச்சிருக்கானாம்லா? ஊரே சிரிக்கி. யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இல்ல, நீங்களும் அங்கனதான வண்டி ஓட்டுதிய."

"போன வைட்டி, வேல கெடக்கு!"

போனை வைத்துவிட்டு அவர் கடை வாசலில் நின்றார். அவர் அப்பன் பாட்டன் யாருக்கும் அரையடி நிலத்தில் பெயர் இல்லை. மன்னர்கள் கல்லில் வெட்டியதே மழுங்கிப் போகிற உலகத்தில், மணலில் அழியாத கோடு ஒரே ஒரு மனுசனுக்கு வாய்த்திருக்கிறது. அவனுக்கு அதை என்னுது என்று சொல்ல வாயில்லை. சொன்னால் பொய்யன். பொய்யனுக்கு ஐந்தாம் மேடு கிடையாது. தொலைந்ததைக்கூடச் சொல்லிவிடலாம், யார்தான் தொலையவில்லை? ஆனால் அந்த மெலிந்த கோடு. அதன் காரணம் வெளியே வந்தால், நேற்றுச் சேர்ந்தவன்கூடக் கைகொட்டிச் சிரிப்பான். விழுங்கிய முள்ளைப் போல அவர் அதை வைத்துக்கொண்டு திரிந்தார்.

பெரும்பயணத்தன்று வானம் கழுவின தட்டாக இருந்தது. பதினைந்து வண்டிகளும் கொடி பறக்கக் கிளம்பின. நாலாம் மேட்டில் ஏறும்போது, உச்சி வெயிலில், மேற்கே ஒரு பழுப்புச் சுவர் எழும்பி வந்து எல்லாரையும் மூடியது. கொடி தெரியவில்லை, முன்னால் போகும் விளக்கு தெரியவில்லை, ஜி.பி.எஸ். கருவி திசையைச் சொன்னது, சரிவைச் சொல்லவில்லை. ஏழாவதாக வந்த வங்கிக்காரர் வண்டி, கண்ணுக்குத் தெரியாத செங்குத்தில் ஒருக்களித்து விழுந்தது. இழுத்து நிமிர்த்தியதும், தோளெலும்பு உடைந்து அவர் முனகிக்கொண்டிருந்தார். ஹபீபா தன் துப்பட்டாவால் கையைக் கட்டினார். "நான் பல்லு டாக்டரு, ஞாபகம் வச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டேதான் கட்டினார். "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மூச்சு சரியா வாங்க மாட்டேங்குறாக." அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார், அவர் வண்டியைக் கூட வந்தவர் எடுத்தார்.

அப்போதுதான் சக்கரத்துக்கடியில் தடம் தட்டுப்பட்டது. அந்தப் புழுதியிலும் அது ஒரு பருக்கை மணல் ஏறாமல் கிடந்தது. வாக்கிடாக்கியில் எல்லாரும் சந்தோசத்தில் கத்தினார்கள். சென்னியப்பன் அதன்மேல் ஏறி ஓட்ட, எல்லாரும் ஒட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கயிறு கட்டிய வன்னிமரம் வந்தது. போயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. தடங்கள் ஒன்றையொன்று நூறு இடத்தில் வெட்டின. அகலத் தடம் சாலைக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்தப் புழுதியில், அந்தச் சிக்கலுக்குள், அது எங்கே பிரிகிறது என்று காட்ட ஆளில்லை, ஓட்டினவனைத் தவிர. வங்கிக்காரரின் மூச்சு வாக்கிடாக்கியிலேயே கேட்டது. சென்னியப்பன் வண்டியை நிறுத்தினார், குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணும் புரியலீங்க. எல்லாரும் எஞ்சினை அணைச்சுட்டு இருங்க, பார்க்கலாமுங்க."

வால் வண்டியில் தங்கப்பழம் மைக்கைக் கையில் எடுத்தார். வைத்தார். கண்ணாடிக்கு வெளியே அந்த மரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருவருக்கும் தெரிந்த விசயம் அது. அன்றைக்குப் பதினோராவது சுற்றில் இதே கிளைக்கடியில் வண்டியை நிறுத்தி, சென்னியப்பனை, அவர் வம்சத்தை, மணலைப் படைத்தவனை என்று ஒருத்தரையும் மிச்சம் வைக்காமல் ஏசி முடித்து, ஏச ஆளில்லாமல் போனபிறகு சக்கரத்தை ஓங்கி உதைத்தார். கால் வலித்தது. டயர் கல் மாதிரி இருந்தது. அப்போதுதான் உறைத்தது. கோபத்தில் காற்றை இறக்கவே இல்லை. நாலு டயரிலும் காற்று சீறிக்கொண்டு வெளியேற, கூடவே அவருக்குள்ளிருந்தும் ஏதோ இறங்கியது. ஏறி உட்கார்ந்தார், வண்டி தானாக வழி கண்டு வீட்டுக்குப் போனது.

அஞ்சாம் மேடு போனால் போகட்டும், சவத்த.

"முன்வண்டிக்கு வால் பேசுதேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க. மெலிசுத் தடத்த விட்டிருங்க. அகலத் தடத்தப் பிடிங்க. மரத்துல கிழக்க சாஞ்ச கிள ஒண்ணு இருக்கு, அதுக்கு நேர் கீழ பிரியும். பாதி தூரம் மெலிசு மேல வந்து வெட்டும், ஏமாந்திரக் கூடாது. அகலந்தான் வீட்டுக்குப் போறது."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"மெலிசு, நிறைகாத்துல ஓட்டுனது. அகலம், காத்த இறக்குன பொறவு ஓட்டுனது."

"யாருங்க அது, காத்து இறக்காம மணல்ல ஏறுனது?"

புழுதி கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தது.

"நாந்தான் வே. கிணத்தத் தொட்டேன்னது பொய். ஒம்ம மேல உள்ள கோவத்துல காத்த இறக்க மறந்தேன். பதினோரு சுத்தும் நாந்தான் சுத்துனேன். இப்பம் சிரிக்கிறவன் சிரிச்சுக்கிடுங்க, பொறவு நேரமிருக்காது."

ஒருவரும் சிரிக்கவில்லை. கணக்குத் தப்பாகப் போட்டுவிட்டவரைப் போல, சென்னியப்பன் மெதுவாகக் கேட்டார்.

"நிறைகாத்துலயா? எட்டுக் கிலோமீட்டரு... அப்புறம் பதினோரு சுத்து. ஒரு எடத்துலகூடப் புதையாமயாங்க?"

தங்கப்பழம் யோசித்தார். அதுவரை அவருக்கே அது தோன்றியிருக்கவில்லை. "ஆமா வே," என்றார். "புதையலயே."

"என்னால ரெண்டு மேடு முடியாதுங்க" என்றது வாக்கிடாக்கி. "இந்த நாட்டுல யாராலயும் முடியாதுங்க." பிறகு அந்தக் குரல் தன் பழைய நிமிர்வுக்கு வந்தது. "எல்லா வண்டியும் வலது பக்கம் ஒதுங்குங்க. வால் முன்னால வருது."

பதினாலு வண்டிகளும் ஒதுங்கின. ஏழு பிணத்தைத் தைத்த அந்த வெள்ளை வண்டி, ஒவ்வொன்றாக எல்லாரையும் தாண்டி, ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளிருந்தும் ஒரு கை உயர்வதைப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்து, சாய்ந்த கிளைக்கடியில் அகலத் தடத்தில் சக்கரத்தை வைத்தது. வைத்ததும் தடம் அவரை அடையாளம் கண்டுகொண்டது. டயர் புதுசாக இருந்தாலும் ஓட்டுகிற கை பழையது அல்லவா. ஒரு மணி நேரத்தில் தார்ச்சாலை வந்தது. வங்கிக்காரர் பிழைத்தார். சாலையோரத்துப் பலூச்சிக்காரர் பதினைந்து வண்டிக்கும் டீ ஊற்றினார். இத்ரீஸ் வந்து தங்கப்பழத்தின் கையைப் பிடித்து, "தங்கா பாய், என் ஒட்டகத்துக்கெல்லாம் அன்னைக்கே தெரியும்" என்றார்.

கொடியில் அந்த வருடம் பெயர் தைக்கவில்லை. யார் பெயரைத் தைக்கலாம் என்று சென்னியப்பன் கேட்டபோது தங்கப்பழம், "பேரு எதுக்கு வே? படத்தைத் தையும்" என்று பேரத்தை ஆரம்பித்தார். சுற்றைக் குறைத்துப் போடலாமா, ஐந்து போதுமா, ஏழு போதுமா என்று தையல்காரர் கெஞ்சிப் பார்த்தும், பதினொன்றுக்கு ஒன்று குறையாமல் தைக்க வைத்துவிட்டுத்தான் அண்ணாச்சி எழுந்தார்.

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது அவருக்கு விமானத்தில் நடுவில் இருக்கை. சன்னல் ஓரம் நாகர்கோவில்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாறி உட்காரச் சம்மதிக்க அவர் கேட்டதெல்லாம் அண்ணாச்சியின் சாப்பாட்டுப் பொட்டலமும், கைப்பையிலிருந்த ஒரு கிலோ பேரீச்சம்பழமும், போர்வையும். தங்கப்பழம் வாழ்நாளில் இரண்டாம் முறையாகப் பேரம் பேசாமல் மூன்றையும் கொடுத்துவிட்டுச் சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். விமானம் சாய்ந்து திரும்பியது. மஞ்சள் மணலில், சாயங்கால வெயிலில், அது கிடந்தது.

நாகர்கோவில்காரர் பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே எட்டிப் பார்த்தார். "அந்தா, ஜிலேபி! பாத்தியளா? எவனோ ஒரு பாவப்பட்டவன் வழி தெரியாம கெடந்து சுத்தியிருக்கான்."

"எவனோ இல்ல வே, நாந்தான்" என்றார் தங்கப்பழம், விமானம் முழுக்கக் கேட்கும் குரலில். "அங்கன, சுத்துக்குள்ள இருந்து அகலமா ஒண்ணு வெளிய வருது பாரும். நல்லா எட்டிப் பாரும். அதுவும் நாந்தான்."